வீட்டில் தோட்டா மறுநிரப்பு: நீண்ட காலப் பயன்பாட்டில் கருவிகள் எப்படி?

உரிமமும் சட்ட அனுமதியும் உள்ளவர்கள் மறுநிரப்பில் (சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர், பவுடர், புல்லட் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவதில்) இறங்கும்போது முதலில் கேட்பது, எந்த பிரஸ் (கூட்டை டை எனும் அச்சுக்குள் தள்ளும் நெம்புகோல் கருவி) வாங்கலாம் என்பதைத்தான். ஆனால் பல வருடம் புழங்கினால் தெரியும், அதிகம் யோசித்து வாங்க வேண்டியவை தராசும், நீளம் அளக்கும் காலிப்பரும்தான்.

பிரஸைப் பொறுத்தவரை, மூடிய சட்டமுள்ள வார்ப்பிரும்பு சிங்கிள் ஸ்டேஜ் (ஒரு இழுப்புக்கு ஒரு வேலை) போதும். எளிதில் தேயாது. பழைய பிரைமரின் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி) கரித்தூள் ராமில் (கூட்டை மேலே தள்ளும் தண்டு) இறங்கி அராவாமல் அவ்வப்போது துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரி. டைகளின் மரை பெரும்பாலும் 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி என்பதால் வேறு கம்பெனி டையும் பொருந்தும். மேசை ஆடினால் எந்த பிரஸும் ஒழுங்காக வேலை செய்யாது. தடித்த பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரசிவ் பிரஸைத் தொடக்கத்திலேயே வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒரே நேரத்தில் பல இடத்தைக் கண் கவனிக்க வேண்டும். ஒரே கூட்டில் பவுடர் இருமுறை விழுந்தால் தெரியாமல் போகலாம்.

சைசிங் டையை (கூட்டை அளவுக்குச் சுருக்கும் டை) ஷெல் ஹோல்டரை (கூட்டின் அடியைப் பிடிக்கும் தாங்கி) தொடும்வரை இறக்கி, இன்னும் கொஞ்சம் திருகச் சொல்வார்கள். அது எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்தாது. சுட்ட கூட்டின் தோள்பட்டையை (கழுத்துக்குக் கீழுள்ள சரிவு) காலிப்பரில் கம்பாரேட்டர் (அந்தச் சரிவில் உட்காரும் அளவுத் துண்டு) மாட்டி அளந்து, போல்ட் ஆக்‌ஷன் ரைபிளுக்கு (தாழ்ப்பாளைக் கையால் இயக்கும் துப்பாக்கி) 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்தள்ளும்படி டையைப் பூட்டுங்கள். அதிகம் தள்ளினால் ஒவ்வொரு சூட்டிலும் கூடு நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பித்தளை மெலிந்து, ஒருநாள் அங்கேயே பிய்ந்துவிடும். நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு உரசிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் கூட்டைத் தூக்கி எறியுங்கள். நீளத்தையும் விடக் கூடாது: .223 ரெமிங்டன் கூடு 1.760 அங்குலத்தைத் தாண்டினால் வெட்ட வேண்டும், வழக்கமாக 1.750க்குக் கொண்டுவருவார்கள்.

கழுத்து குறுகிய கூட்டை சைசிங் டையில் விடுமுன் லூப் (மசகு) தடவுவது கட்டாயம். குறைந்தால் கூடு டைக்குள் சிக்கி விளிம்பு கிழியும். மிகுந்தால் தோள்பட்டையில் சொட்டை விழும்; சொட்டையைக் கண்டதும் டையைக் கழுவிவிடுங்கள்.

எலக்ட்ரானிக் தராசை இருபது, முப்பது நிமிடம் முன்பே போட்டுவிட வேண்டும். மின்விசிறிக் காற்றும் பக்கத்தில் வைத்த கைப்பேசியும் எண்ணை நகர்த்தும். இன்னொரு தொல்லை பலருக்குத் தெரிவதில்லை: பவுடரைத் துளித்துளியாகச் சேர்த்தால், தானே பூஜ்ஜியத்துக்குத் திரும்பும் வசதி அந்தச் சிறு எடையை விழுங்கிவிடும். ஆகவே தட்டை எடுத்துத் திரும்ப வைத்துத்தான் எடையை நம்ப வேண்டும். தட்டை எடுத்ததும் திரையில் வரும் மைனஸ் எண்ணைக் குறித்து வையுங்கள்; அது மாறினால் தராசு நகர்ந்துவிட்டது. பவுடரை எடை போடும் அலகான கிரெய்னில் 0.1 என்பது வெறும் 6.5 மில்லிகிராம். நீங்கள் நிரப்பும் அளவுக்குக் கிட்டத்தட்ட இணையான சோதனை எடைக்கல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எடை அச்சிட்ட புல்லட்டை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள், ஒன்றுக்கொன்று மாறும். காந்தத் தடுப்புள்ள (ஆட்டத்தைக் காந்தத்தால் அடக்கும்) பீம் தராசும், அதாவது கோல் தராசும், ஒன்று இருந்தால் சந்தேகம் வரும்போது ஒப்பிடலாம். கோல் ஊன்றி ஆடும் அதன் கத்திமுனையில் தூசி சேரக் கூடாது, அவ்வளவுதான்.

பவுடர் அளவை அச்சிட்ட கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பா இருக்கட்டும். வேலை முடிந்ததும் ஹாப்பரில் (பவுடரை அளந்து விடும் கருவியின் குடுவை) மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டிவிடுங்கள். எந்தப் பவுடர் என்று சந்தேகம் வந்தால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். புல்லட் பொருத்துமுன் நிரப்பிய கூடுகளைத் தட்டில் வரிசையாக நிறுத்தி, டார்ச் அடித்து எல்லாவற்றிலும் பவுடர் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.