கார் ரிமோட் வேலை செய்யவில்லையா? என்னை மாதிரி 18,500 ரூபாயைத் தொலைக்காதீர்கள்

நேற்று இரவு கண்டுபிடித்தேன், இன்னும் வயிறு எரிகிறது. 18,500 ரூபா! எங்கள் பக்கத்து டவுனில் வாகனச் சாவி, ரிமோட் செய்து கொடுக்கும் ஒரு கடையில் போன சனிக்கிழமை எண்ணிக் கொடுத்த காசு. பெயர் எழுதவில்லை, எழுதினால் என்மேலேயே வழக்குப் போடுவார்கள்.

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த வேகன் ஆர். ரிமோட்டும் காரோடு வந்ததுதான். இரண்டு வாரமாக நாலைந்து தடவை அழுத்தினால்தான் கதவு திறந்தது, சரி பெட்டரிதான் என்று பெட்டிக்கடையில் ஒன்று வாங்கி நானே மாற்றினேன். ஸ்குரூ டிரைவர் வழுக்கி உள்ளே பச்சை போர்டில் குறுக்கே ஒரு கீறல் வேறு. அதோடு ரிமோட் சுத்தமாகச் செத்துவிட்டது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சி பார்க்கும் இடத்தில், கொட்டுகிற மழையில் அம்மாவும் மகளும் நனைய, ரிமோட்டுக்குள் இருக்கும் சின்னச் சாவியை இழுத்துத்தான் கதவைத் திறந்தேன். ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்தேன், கார் ஸ்டார்ட் ஆனது. அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

கடைக்காரர் முதலில் ரிமோட்டைக்கூடப் பார்க்கவில்லை. "எந்தத் தோட்டம் தம்பி?" என்றார். சொன்னேன். "அட, நம்ம ஆளுக! ஒங்க அப்பாவ எனக்குத் தெரியுமே" என்று தேத்தண்ணி வரவழைத்தார். இஞ்சி போட்ட தேத்தண்ணி. அந்த ஒரு கோப்பையில் விழுந்தேன் பாருங்கள், பில் கேட்கவே வாய் வரவில்லை. கார் ரிமோட்டை மறந்துவிட்டதாம், புதுசுதான் போட வேண்டுமாம். ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் அரை மணி நேரத்தில் பளபளவென்று ஒன்றோடு வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஏதோ கருவியைச் செருகினார், கதவு டக்கென்று திறந்தது. 18,500. "பழசு இனி ஒதவாது, புள்ளைக்கு வெளையாடக் குடுங்க" என்று சிரிப்பு வேறு.

கொடுத்தேன். நேற்று மகள் அதைப் பிரித்துவிட்டாள். உள்ளே போர்டே இல்லை, நான் போட்ட பெட்டரி மட்டும் உருண்டு விழுந்தது. 'புது' ரிமோட்டைத் திறந்து பார்த்தால் அதே பச்சை போர்டு, குறுக்கே அதே கீறல்! மாறியது வெளிக்கூடும் பெட்டரியும்தான். நான் வாங்கிய பெட்டரியில் போட்டிருக்கும் இலக்கம் 2025, இதில் இருப்பதில் 2032. பின்னால் வரும் இரண்டு இலக்கமும் கனம்: ஒன்று 2.5 மில்லிமீட்டர், மற்றது 3.2. மெல்லிசு என்பதால் தகட்டில் சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான் கோளாறு.

காலையில் போன் எடுத்தால் ஒரு பொடியன், "பாஸ் கொழும்புக்குப் போயிட்டார்". மெசேஜில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் கொழும்புக்குப் போனவர் கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறார். "பில்லு இருக்கா?" என்றார். தேத்தண்ணி இல்லை, தம்பியும் இல்லை. "போர்ட ரிப்பேர் பண்ணினதுக்குத்தான் காசு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. பழைய பெட்டரியில் உள்ள இலக்கத்தையே கேட்டு வாங்குங்கள். பட்டனில் ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் ஆனால் கார் ரிமோட்டை மறக்கவில்லை, கார் ரிமோட்டை அடையாளம் காண உள்ளே ஒரு சிப் இருக்கிறது, அதற்குப் பெட்டரியே தேவையில்லை. ரிமோட்டை உள்ளே கொண்டுபோக விடாதீர்கள். சொந்த மாமாவாக இருந்தாலும் பில் வாங்குங்கள். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்று இலக்கம் இருக்கிறது, பில் இல்லாமல் என்ன சொல்வார்களோ, நாளைக்கு அடித்துப் பார்க்கிறேன்.