'அசல் ஜப்பான் வாஷி' என்று சொல்லி விற்ற தீபாவளி ஒரிகாமி தாள்: காசு அனுப்பும் முன் படியுங்கள்

தீபாவளி அலங்காரத்துக்குக் காகித மயிலும் கொக்கும் மடிக்க முகநூலில் தாள் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 2024 தீபாவளிக்கு நான் 192 வெள்ளி (ரிங்கிட்) கட்டி ஏமாந்தேன். காசு போனதைக்கூட விட்டுவிடலாம். அந்தத் தாள் என் அம்மாவைப் படுத்திய பாடுதான் மனத்தில் இன்னும் ஆறவில்லை.

நாங்கள் மலேசியாவில், பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாவிலைத் தோரணத்துக்குக் கீழே காகிதக் கொக்குகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டால்தான் அவருக்குத் தீபாவளி வந்த மாதிரி இருக்கும். எப்போதும் எழுதுபொருள் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் 15 செ.மீ. சதுரத் தாளில்தான் மடிப்பார். ஒரு தடவையாவது அவருக்கு நல்ல தாள் வாங்கிக் கொடுக்க ஆசைப்பட்டேன்.

விளம்பரத்தில் 'கையால் செய்த ஜப்பான் வாஷி, யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்றது' என்று போட்டிருந்தார்கள். வாஷி என்றால் ஜப்பானின் பாரம்பரியக் காகிதம். மயில்கழுத்து நிறம், அரக்கு, மாம்பழ மஞ்சள் என்று பட்டுப்புடவை மாதிரி படங்கள். 100 தாள் கொண்ட கட்டு 36 வெள்ளி. ஐந்து கட்டு கேட்டேன், அஞ்சல் செலவு 12. "அக்கா, ஸ்டாக் கொஞ்சம்தான் இருக்கு, இன்னைக்கே டிரான்ஸ்ஃபர் பண்ணிடுங்க" என்றார் விற்றவர். பண்ணிவிட்டேன்.

யுனெஸ்கோ விஷயத்தை அப்புறம்தான் தேடிப் படித்தேன். 2014-இல் அவர்கள் பட்டியலில் சேர்த்தது ஜப்பானில் மூன்று இடங்களில் வழிவழியாகக் காகிதம் செய்யும் கைத்திறனை. கடையில் விற்கும் எந்தத் தாளுக்கும் அது முத்திரை ஆகாது. இதை முன்பே பார்த்திருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பேன்.

பொட்டலம் அக்டோபர் 22-ஆம் தேதி வந்தது. தீபாவளிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அன்றிரவே அம்மா உட்கார்ந்தார். முதல் கொக்கின் கழுத்து கோணிக்கொண்டு நின்றது. பிரித்து மறுபடி மடித்தார். அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பதினொரு தாள் வீணானதும், "கண்ணும் போச்சு, கையும் போச்சு. இனிமே நீயே மடிச்சுக்கோ" என்று எழுந்து போய்விட்டார். வயதாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பெற்ற தாயின் கையைச் சந்தேகப்பட்டேனே, அதுதான் எனக்கு வலிக்கிறது.

இரண்டு நாள் கழித்து நான் மடித்துப் பார்த்தேன். எனக்கும் கோணியது. உடனே ஸ்கேல் எடுத்து அளந்தேன். ஒரு பக்கம் 150 மில்லிமீட்டர், அடுத்த பக்கம் 147. ஐந்து கட்டிலும் இதே அளவு.

மூன்று மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். கொக்கு மடிக்கும்போது முதலில் மூலைக்கு மூலை மடிக்கிறோம், பிறகு குறுக்கே, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு சின்னச் சதுரமாக்குகிறோம். முதல் மடிப்பில் விளிம்போடு விளிம்பு சேராவிட்டால் அந்தப் பிசகு ஒவ்வொரு அடுக்கிலும் கூடவே வரும். கழுத்தும் வாலும் நுனிக்குப் போகப் போக ஒடுங்கும் இல்லையா, அங்கே போய் எல்லாப் பிசகும் சேர்ந்து தெரியும். எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் சதுரம் இல்லாத தாளில் கொக்கு நேராக வராது.

அது வாஷியும் இல்லை. வாஷியைக் கிழித்தால் கிழிந்த ஓரத்தில் நீளமான நார் பஞ்சு போலத் தெரியும், ஏனென்றால் அது பெரும்பாலும் கோசோ என்ற செடியின் பட்டையிலிருந்து செய்வது. இதுவோ போட்டோஸ்டாட் தாள் போல வெட்டென்று கிழிந்தது. மடித்த இடத்தில் சாயம் உதிர்ந்து வெள்ளைக்கோடு விழுந்தது.

ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். "எல்லாரும் மடிச்சு போட்டோ அனுப்புறாங்க அக்கா. உங்க அம்மாவுக்கு மடிக்கத் தெரியலன்னா நான் என்ன செய்றது?" என்று பதில் வந்தது. பிரித்த கட்டைத் திரும்ப எடுக்க மாட்டாராம். கட்டைப் பிரிக்காமல் தாளை அளந்திருக்க முடியாதே என்று எழுதினேன். என் எண்ணையே தடுத்துவிட்டார்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று பார்த்தேன். 5 வெள்ளி கட்டணத்தில் 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கையை விசாரிப்பார்கள், வக்கீல் வேண்டாம். ஆனால் யார் மேல் வழக்குப் போடுவது? என்னிடம் இருந்தது ஒரு கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் மட்டும்தான். இணையத்தில் விற்பவர் தன் பெயரையும் வியாபாரப் பதிவு எண்ணையும் தொடர்பு விவரத்தையும் காட்ட வேண்டும் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. காசு அனுப்பும் முன்பே எஸ்எஸ்எம் (மலேசிய நிறுவன ஆணையம்) பதிவு எண்ணைக் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.

தாள் கைக்கு வந்ததும் முதலில் ஒன்றே ஒன்றை எடுத்து, ஒரு விளிம்பைப் பக்கத்து விளிம்போடு முக்கோணமாகச் சேர்த்து மடியுங்கள். மிச்சமாக ஒரு பட்டை நீட்டிக்கொண்டு நின்றால் அது சதுரம் இல்லை. அதன் மேல் ஸ்கேல் வைத்து அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள்.

அம்மாவிடம் அளவைக் காட்டினேன். நம்பவில்லை. பழைய கட்டில் மிச்சமிருந்த தாள் ஒன்றைக் கொடுத்தேன். மடித்து முடித்து, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொன்னு குடு" என்றார்.

மயில்கழுத்து நிறக் கட்டு வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் ஒரு தாளை அளந்து பாருங்கள். பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள். எனக்குத் தகவல் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.