தலையிலா, மார்பிலா? கணினிக்கு மனநிலை காட்டும் இரண்டு பட்டிகள்

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் ஒழுங்கை ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை. காணி உறுதிகள்தான் அதிகம் வரும். பின்னேரம் நான்கு மணி தாண்டினால் 12.7 பேர்ச்சஸ் என்ற காணி அளவு என் கையில் 17.2 ஆகிவிடும். அந்த இரண்டு இலக்கம் இடம் மாறினால் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் கோட்டுக்கு அலைய வேண்டி வரலாம். களைப்பும் பதற்றமும் ஏறுவதை நான் உணரும் முன்பே கணினி கண்டுபிடிக்க வேண்டும், போனை அமைதியாக்க வேண்டும், கொஞ்சம் நிறுத்து என்று சொல்ல வேண்டும். இதற்காகவே முதலில் மூளை அலை பார்க்கும் தலைப்பட்டி ஒன்று வாங்கினேன். அப்புறம் இதயத் துடிப்பைப் பார்க்கும் மார்புப் பட்டிக்கு மாறினேன். போலார் எச்10. இப்போது இரண்டு வருடமாகிறது.

வெப்கேமில் முகம் பார்த்து மனநிலை சொல்லும் மென்பொருள்கள் பக்கம் நான் போகவில்லை. கவனமாக வாசிக்கிற முகமும் கோபமான முகமும் பார்வைக்கு ஒன்றுதான். மைக்ரோசொஃப்ட்டே 2022இல் தன் முக ஆய்வுச் சேவையிலிருந்து உணர்ச்சி கணிப்பதை விலக்குவதாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பெப்ரவரி முதல், மருத்துவ, பாதுகாப்புத் தேவைகள் தவிர, வேலைத்தளங்களிலும் கல்வி நிலையங்களிலும் அதைத் தடை செய்திருக்கிறது. துடிப்பு பார்க்கும் கைக்கடிகாரமும் எனக்குச் சரிவரவில்லை. தட்டச்சு செய்கிற கை ஓயாமல் அசைவதால் துடிப்புகளுக்கு இடையிலான நேரம் பிசகிப் பதிவாகிறது.

தலைப்பட்டி தந்த முதல் நாள் சந்தோஷத்தை நான் மறுக்க மாட்டேன். கண்ணை மூடியதும் விநாடிக்கு 8 முதல் 12 தடவை ஆடும் அல்ஃபா அலை திரையில் பொங்கி எழுந்தது. திறந்ததும் அமுங்கியது. ஜேர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பேர்கர் 1929இல் எழுதி வெளியிட்ட அதே அலை, எங்கள் சாப்பாட்டு மேசையில்! உடம்பு அமைதியாக இருக்க மனம் மட்டும் வேறெங்கோ போய்விட்டால் அதை ஓரளவுக்காவது காட்டக்கூடியதும் தலைப்பட்டிதான். இதயத்தில் அது தெரியாது.

ஆனால் பராமரிப்பு என்று வந்தால் கதை மாறுகிறது. நெற்றியில் கிடைக்கும் மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட் அளவுதான். நெஞ்சில் கிடைக்கும் இதயத்தின் மின்துடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஆயிரம் மைக்ரோவோல்ட். அவ்வளவு சின்ன சமிக்ஞையைப் பிடிக்க வேண்டும் என்றால் தோலும் அதைத் தொட்டு அலையைப் பிடிக்கும் முனையும் நன்றாகப் பொருந்த வேண்டும். இமைத்தால் குழம்பும், பல்லைக் கடித்தால் குழம்பும். நெற்றி வியர்த்தால் கோடு மெல்ல மேலும் கீழுமாக மிதக்கத் தொடங்கும். சனிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகினால் ஞாயிறு முழுக்கக் காதுக்குப் பின்னால் வரும் முனை தோலோடு பொருந்தாது. ஸ்பிரிட்டால் துடைத்து, தலைமயிரை ஒதுக்கி, தொடர்பு சரியா என்று திரையில் காட்டும் நான்கு புள்ளிகளும் பச்சையாகும்வரை காத்திருக்க ஒவ்வொரு காலையும் பத்து நிமிடம் போகும்.

அந்த வியர்வையே மார்புப் பட்டிக்கு உதவி. துணிப்பட்டியின் உள்பக்கத்து முனைகளை அணியுமுன் நனைக்கத்தான் சொல்கிறார்கள், ஈரம் இருந்தால்தான் தொடர்பு சரியாக வரும். ஏப்ரல் வெயிலில் எனக்கு அந்த நனைப்பும் தேவைப்படுவதில்லை. வேலை முடிந்ததும் சென்சர் துண்டைக் கழற்றிவிட்டுப் பட்டியைத் தண்ணீரில் அலசி ஃபேனுக்குக் கீழே போடுகிறேன். ஈரப்பட்டியோடு விட்டால் பட்டரி வீணாகும், ஆகவே கழற்ற மறக்கக் கூடாது. பட்டரி சிஆர்2025, மணிக்கூட்டுக் கடையில் கிடைக்கிற அதே வில்லைதான். 400 மணிநேரம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. நாளைக்கு மூன்று மணிநேரம் கட்டுகிற எனக்கு ஒரு பட்டரி நான்கு மாதம் வருகிறது.

தலைப்பட்டியின் பட்டரி உள்ளே ஒட்டப்பட்டது. பதினான்கு மாதத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குக் கொண்டு போனேன். திருத்துகிற தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது திறக்கிற சாமான் இல்லை. வெட்டினால் திரும்ப ஒட்டாது” என்று கையிலேயே தந்துவிட்டார்.

மார்புப் பட்டியில் எனக்குப் பிடித்த இன்னொன்று, அது துடிப்பைப் பொதுவான புளூடூத் முறையில் அனுப்புகிறது. ஒரே ஆப்பை நம்பியிருக்க வேண்டியதில்லை. அண்ணாவின் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சின்ன பைதன் நிரல் எழுதித் தந்தான். 812, 845, 790 என்று துடிப்புகளுக்கு இடையிலான மில்லிவிநாடிகள் வரிசையாக ஓடும். அவை ஒன்றுக்கொன்று நன்றாக வேறுபட்டால் உடல் தளர்வாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். வேறுபாடு குறைந்து ஐந்து நிமிடம் அப்படியே நின்றால் மின்னஞ்சல் மூடிக்கொள்ளும், திரையோரம் நிமிடத்துக்கு ஆறு மூச்சுக் கணக்கில் ஒரு வட்டம் விரிந்து சுருங்கும். முதல் நாள் எண்களைப் பார்த்தே அவன் கேட்டான்: “மாமி, மூச்சைப் பிடிச்சுக்கொண்டே ரைப் பண்றீங்களோ?” உண்மைதான். நீளமான எல்லை விவரம் வரும் இடமெல்லாம் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

குறைகளும் உண்டு. சந்தோஷப் பரபரப்பையும் பயத்தையும் இதயம் பிரித்துச் சொல்லாது. மாடிப்படி ஏறிவந்தாலும் தேநீர் குடித்தாலும் எண் மாறும். பீற்றா புளொக்கர் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களின் துடிப்பு வேறு மாதிரி, அவர்கள் என் அளவுகளை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம். ஏசி அறையில் நாள் முழுக்க வேலை செய்பவர்களுக்குத் தலைப்பட்டி இவ்வளவு சிரமம் தராமல் இருக்கலாம், நான் அப்படிப் பாவித்ததில்லை. காலையில் இருபது நிமிடம் தியானத்துக்கு மட்டும் என்றால் நானே தலைப்பட்டியை வாங்கச் சொல்வேன்.

என் துணிப்பட்டி இப்போது இழுவை விட்டுத் தளர்ந்திருக்கிறது. போன கிழமை பட்டிக்கு மட்டும் ஓடர் கொடுத்தேன். சென்சர் துண்டு பழையதேதான்.