பீடத்தடியில் வைத்த அரிசி: பங்கு உலருணவுப் பொதி, ஒரு மதிப்பீடு

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் பாதம் கழுவும் சடங்கு முடிந்து காணிக்கை வேளை வரும். அப்பமும் இரசமும் போகிற பவனியிலேயே அரிசிப் பையும் பருப்புப் பையும் போகும். ஏழைகளுக்கான கொடைகளை அன்று அப்படிக் கொண்டுவரலாம் என்று திருப்பலி நூலே சொல்கிறது. பீடத்தின் மேல் வைக்கக்கூடாது, சற்று விலக்கி வைக்க வேண்டும் என்பதும் விதி. யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்குகளில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் கீழுள்ள கத்தோலிக்க ஊர்ச் சமூகங்களில், இந்தப் பைகள் பிறகு உலருணவுப் பொதிகளாக வீடுகளுக்குப் போகின்றன. அந்தப் பொதிக்கு 5க்கு 3 கொடுக்கலாம். கொடுக்கிற முறை நன்றாக இருந்தால் 4.

பொதிக்குள் பெரும்பாலும் இருப்பவை: குத்தரிசி 5 கிலோ, பருப்பு 1 கிலோ, கோதுமை மா 2 கிலோ, சீனி 1 கிலோ, தேயிலை, ரின்மீன் ஒன்று, சவர்க்காரம் இரண்டு. நாலு பேருக்கு ஒரு நேரச் சோற்றுக்கு அரைக்கிலோ அரிசி வேண்டும் என்றால், 5 கிலோ பத்து நேரத்துக்கு வரும், நாளுக்கு இரண்டு நேரம் சோறென்று கணக்கு. ஆகவே இது ஒரு மாதப் பொதி அல்ல. ஐந்து நாள் பொதி. அப்படியே சொல்லிக் கொடுத்தால் யாருக்கும் ஏமாற்றமில்லை.

குறைகளில் முதலாவது சவர்க்காரம். அரிசியோடும் மாவோடும் ஒரே பையில் போட்டால் இரண்டு நாளில் சோறு சவர்க்காரம் மணக்கும். அதைத் தனிப் பையில் கட்டிக் கடைசியில் கையில் கொடுக்க வேண்டும். அடுத்தது வண்டு. பொலித்தீனில் இறுக்கிக் கட்டிய அரிசியைப் பூட்டிய அறையில் வைத்தால் வேர்த்துப் புழுங்கும், பிறகு பூச்சி பிடிக்கும். வந்த அரிசியை வெயிலில் ஒரு பொழுது காயவைத்து, மூடியுள்ள வாளியில் போட்டு, முதலில் வந்ததை முதலில் கொடுத்துத் தீர்ப்பதே வழி. மூன்றாவது, எல்லோரும் பருப்பே கொண்டுவருவது. பருப்பு மலையாய்க் குவியும், தேங்காய் எண்ணெய் ஒரு போத்தலும் இராது. பங்குக்குள் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுவான ஒவ்வொரு அன்பியத்துக்கும் ஒரு பொருளென்று முன்கூட்டியே பிரித்துச் சொன்ன பங்குகளில் இந்தச் சிக்கல் வருவதில்லை. திகதி முடிந்த பிஸ்கட் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பீடத்தடிக்குக் கொண்டுபோகக் கூசுகிற பொருளை வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடாது.

தனியே இருக்கிற வயோதிபருக்கு இந்தப் பொதி பொருந்தாது. விறகு பொறுக்கவோ பருப்பு அவிக்கவோ அவர்களால் முடியாது. சீனி வியாதி இருந்தால் சீனி வீண். அவர்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு நேரச் சாப்பாடு போவதே மேல். இது மாதத்தின் முதல் வெள்ளியில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு போகிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அடுப்பு எரிந்த வீடா, எரியாத வீடா என்று வாசலிலேயே தெரிந்துவிடும். கி.பி. 155 அளவில் உரோமையில் ஆதித் திருச்சபையின் புனித யுஸ்தீன் எழுதியதும் இதே ஒழுங்குதான்: வராதவர்களுக்குத் திருத்தொண்டர் நற்கருணை கொண்டு போவார்கள், சேர்ந்த காணிக்கை தலைவரிடம் போகும், அவர் அநாதைகள், கைம்பெண்கள், நோயாளர், சிறைப்பட்டோர், அந்நியரைப் பார்ப்பார்.

காலமும் பிசகுகிறது. பொதி குவிவது பங்குனி, சித்திரையில். கடற்கரை வீடுகளில் உலை ஏறாமல் போவது வாடைக்காற்றும் மழையும் சேர்ந்து படகு கட்டிக் கிடக்கிற கார்த்திகை, மார்கழியில். திருத்தந்தை பிரான்சிஸ் ஏற்படுத்தி 2017 முதல் கொண்டாடப்படும் உலக ஏழைகள் நாள் நவம்பர் 13க்கும் 19க்கும் இடையே ஒரு ஞாயிறில் வருகிறது. எங்கள் கரைக்கு அளந்து வைத்ததுபோன்ற நாள். பெரிய வியாழனில் காசாக வாங்கி வைத்து, அரிசியை நவம்பரில் வாங்கலாம். வண்டுப் பிரச்சினையும் பாதி தீரும்.

கொடுக்கும் முறையில் புனித வின்சென்ட் டி போல் சபையின் பழக்கத்துக்கு முழுப் புள்ளி. 1833இல் பாரிசில் பிரெடெரிக் ஒசானாமும் தோழர்களும் தொடங்கிய நாள் முதல் வீடு தேடிப் போவதே அதன் முறை. தனியே அல்ல, இருவராக. கூட்டத்தில் ஒரு பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. இதற்கு நேர் எதிர், திருப்பலி முடிந்ததும் பெயர் கூப்பிட்டு வரிசையில் நிறுத்திப் படம் எடுப்பது. அந்த வரிசைக்குப் பயந்தே வராமல் இருக்கிற வீடுகள் உண்டு. அங்கே 2 புள்ளிக்கு மேல் போடமுடியாது.

தேவைப்படுவோர் விதானையாரின் (கிராம சேவகரின்) கடிதத்துக்கு அலைய வேண்டாம். அன்பியத் தலைவரிடமோ பங்குத்தந்தையிடமோ நேரே சொன்னால் இருவர் வந்து பார்ப்பார்கள். ஞானஸ்நானப் பதிவும் தேவையில்லை, சைவ வீட்டுக்கும் போகும்.