அட்டை விட்ட கால்: மூன்று வருட அனுபவம்

எங்கள் கரையில் அட்டை என்றால் யாருக்கும் முதலில் நினைவு வருவது கடல் அட்டைதான். 2001-இல் அதைப் பிடிக்கத் தடை வந்த பிறகு, அந்தச் சொல் காதில் விழுந்தாலே வனத்துறை, பறிமுதல் என்று பேச்சு திரும்பிவிடும். அதனால் "காலுக்கு அட்டை விட்டேன்" என்று நான் சொன்னபோது ஏலக் கூடத்தில் பாதிப் பேருக்கு விளங்கவில்லை. நான் சொன்னது கண்மாயில் மாட்டின் காலைக் கவ்வுகிற நன்னீர் அட்டையை.

இருபத்திரண்டு வருடங்களாக மீன் ஏலத்தில் நின்றபடியே கணக்கு எழுதுகிறேன். விசைப்படகுகள் கரை சேரும் நாட்களில் விடியுமுன்னே போனால் நண்பகல்வரை உட்கார நேரம் இருக்காது. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, கடைசியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண் வந்தது. ஐஸ் தண்ணீரும் உப்புத் தண்ணீரும் படுகிற இடம், ஐந்து மாதம் ஆறவில்லை. மதுரையில் லேசர் செய்யச் சொன்னார்கள். பணத்துக்கு யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு சித்த வைத்தியரிடம் போனேன்.

முதல் வருடம் ஐந்து முறை விட்டார். ஒவ்வொரு தேதியையும் ஏலக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். மஞ்சள் கரைத்த நீரில் சற்று நீந்தவிட்டு, பிறகு நல்ல நீரில் கழுவி, புண்ணின் ஓரத்தில் வைப்பார். தலையை ஊன்றிக் கழுத்தை வளைத்து அது குடிக்கத் தொடங்கியதும் உடம்பில் ஓர் அலை ஓடுவது தெரியும். எறும்பு கடித்த அளவுக்குத்தான் வலி. முக்கால் மணி நேரத்தில் வயிறு பருத்துத் தானாக விழும். விழுந்த இடத்தில் மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் கூடிய மாதிரி காயம், அதற்கு மூன்று தாடைகள் என்பதால். அன்றிரவுவரை இரத்தம் கசியும் என்று முன்பே சொல்லியிருந்தார், கசிந்தது. கடித்த இடங்களில் இரண்டு வாரம் பொறுக்க முடியாத நமைச்சல். ஒரு கடிவாய் மட்டும் கடலைப் பருப்பு அளவில் தடித்து மாதக்கணக்கில் அப்படியே நின்றது. ஆனாலும் கால் கனம் குறைந்தது, புண் காய்ந்தது. அந்த நன்மையை இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வருடம் நெஞ்சு வலி வந்து, இதயத்துக்காக தினம் ஓர் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார்கள். கால் மறுபடி கனத்தபோது அதே வைத்தியரிடம் போனேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இங்கிலீஷ் மருந்து சாப்பிடுகிறேன் என்றால் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம்.

அட்டையின் எச்சிலில் இருக்கும் ஹிருடின் இரத்தத்தை உறையவிடாது. உறைவதற்கு உடம்பு வைத்திருக்கும் இன்னொரு துணை இரத்தத் தட்டுகள். அவற்றை ஆஸ்பிரின் முடக்கிவிடுகிறது. அன்று மாலை தொடங்கிய கசிவு மறுநாள் பிற்பகல்வரை நிற்கவில்லை. துணி மாற்றி மாற்றிக் கட்டியும் பாய் நனைந்தது. "என்னங்க, முகமெல்லாம் வெளுத்துவிட்டது" என்று மனைவி சொன்னபோது எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தேன். முதல் நாள் மாத்திரையை விட்டுவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பிரின் பட்ட தட்டுகள் மாறிப் புதியவை வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்காக இதய மாத்திரையை நீங்களாகவே நிறுத்துவது அதைவிட ஆபத்து.

மூன்றாம் வருடம் நடந்ததற்கு என் பிடிவாதமும் காரணம். பழைய வைத்தியர் ஊரில் இல்லை, வேறோர் இடத்துக்குப் போனேன். அங்கே எல்லா அட்டைகளும் ஒரே பானையில் கிடந்தன. முன்பு போன இடத்தில் ஒவ்வொருவருடைய அட்டையும் தனிப் பாட்டிலில், பெயர் ஒட்டி இருக்கும். ஒருவர் இரத்தம் குடித்ததை இன்னொருவருக்கு விட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி முதல் எச்.ஐ.வி. வரை தொற்றுகிற அபாயம் இருக்கிறது. அது தெரிந்திருந்தும் உட்கார்ந்தேன். நேரமாகிறது என்று உதவியாளர் அட்டையின் மேல் ஒரு கை உப்பைத் தூவினார். அது சுருண்டு, வயிற்றில் இருந்ததைப் புண்ணிலேயே கக்கிக்கொண்டு விழுந்தது.

அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி இயல்பாகவே வாழ்கிறது, குடித்த இரத்தம் செரிக்க அதற்குத் துணை செய்கிறது. மனிதனின் திறந்த புண்ணில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், கால் முழங்கால்வரை சிவந்து பளபளத்தது. ஆஸ்பத்திரியில் "ஆணி குத்தியது" என்று சொல்லிவிட்டேன். திட்டுவார்களே என்ற பயம்தான். ஆணி குத்தியதற்கு உரிய மருந்தையே அவர்கள் கொடுத்தார்கள். பென்சிலின் வகை மருந்துகள் பலவற்றுக்கும் ஏரோமோனாஸ் அசையாது. நான்கு நாள் வீணாயிற்று. ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்த இளம் பெண் மருத்துவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஐயா, ஆணி மூன்று கோடு போடாதே, அட்டை விட்டீர்களா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் திட்டவில்லை. சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, அன்றே மருந்தை மாற்றினார். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள்தான் இதற்கு வழக்கம், ஆனால் இப்போது அதற்கும் அடங்காத கிருமிகள் வருவதால் பரிசோதனை அவசியம் என்றார். பதினொரு நாள் படுக்கை.

அந்த இரண்டாவது இடத்துச் சுவரில் '2004-இல் அமெரிக்காவே அங்கீகரித்த சிகிச்சை' என்று எழுதியிருந்தது. அது பொய் இல்லை. ஆனால் அந்த அனுமதி, ஒட்டுத்தோல் வைத்த இடத்திலும் துண்டித்து மீண்டும் இணைத்த விரலிலும் இரத்தம் தேங்கினால் வடிப்பதற்காக. அங்கே அட்டை விடும்போதே கிருமிக்கு மருந்தும் தொடங்கிவிடுவார்கள். கண்மாய் அட்டையையும் உப்பையும் வைத்துக்கொண்டு அந்த ஆண்டைச் சுவரில் எழுதுவது எனக்கு ஆத்திரமூட்டுகிறது. கட்டாயம் அட்டை விட வேண்டியவர்கள், பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், தானாக விழும்வரை பொறுக்கிற இடத்தில் மட்டும் விடுங்கள். சர்க்கரை, இரத்தச்சோகை, கர்ப்பம், இரத்தம் நீர்க்கும் மாத்திரை எதுவாக இருந்தாலும் முதலில் சொல்லிவிடுங்கள்.

பழைய வைத்தியர் திரும்பி வந்த பிறகு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை அட்டையை வாங்கிப் படித்துவிட்டு, வெகு நேரம் பேசாமல் இருந்தார். "நான் கேட்டிருக்க வேண்டும் அண்ணே. இது இருக்கும்வரை உங்கள் காலுக்கு நான் அட்டை விடமாட்டேன்" என்றார்.

இப்போது இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு நிற்கிறேன். இந்த வெக்கையிலும் உப்புக் காற்றிலும் அது பெரும் சிரமம், ஆனாலும் மாலையில் வீக்கம் குறைவாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் மதுரையில் லேசருக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் நிரப்பச் சொன்ன படிவத்தில் 'முன்பு செய்துகொண்ட சிகிச்சைகள்' என்ற இடம் சிறியதாக இருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்து, அட்டை விட்ட ஏழு தேதிகளையும் ஓரத்தில் நெருக்கி எழுதிக் கொடுத்தேன்.