மதிப்பெண் பட்டியல் வாங்க ஊருக்குப் போனேன்

என்னுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள் இரண்டும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் போய்விட்டன. சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூரில் அண்ணன் வீட்டு பீரோவின் அடித்தட்டில் இருந்தவை. அந்த மாதமே அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி, சான்றிதழ் இழந்தவர்களுக்கு நகல் கிடைக்க வழி செய்தது. நான் மெல்பர்னில் இருந்தேன், அண்ணனுக்கு வீட்டிலிருந்து சேற்றை அள்ளவே நேரம் போதவில்லை. அதற்கப்புறம் அவை இல்லாமலே காலம் ஓடிவிட்டது. இப்போது ஆசிரியப் பயிற்சியில் சேர விண்ணப்பித்தால், பள்ளிச் சான்றிதழ் முதற்கொண்டு எல்லாம் வேண்டும் என்கிறார்கள். அதனால் இந்த முறை ஊருக்குப் போனதே இதற்காகத்தான்.

வெளிநாட்டிலிருந்து இந்த வேலையாகப் போகிறவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது: பதிவு எண்ணையும், தேர்வு எழுதிய மாதம், ஆண்டையும் எப்படியாவது தேடிப் பிடித்துக்கொண்டு போங்கள். பழைய சான்றிதழின் மங்கிய ஜெராக்ஸ் ஒன்று, கல்லூரியில் சேரும்போது கொடுத்த நகல், எதுவானாலும் சரி. அது கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. காணாமல் போனதற்குக் காவல் துறையின் சான்று தேவை. தமிழ்நாடு காவல் துறை இணையதளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. என் ஆஸ்திரேலிய எண்ணுக்கு ஓடிபி வரவில்லை, அண்ணன் எண்ணைக் கொடுத்துத்தான் முடித்தேன். ஆகவே உள்ளூர் எண் ஒன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் எல்லாவற்றையும் தாங்களே முடித்துத் தருவதாகப் பெரிய தொகை கேட்டார்கள். கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. படித்த பள்ளிக்குப் போய்த் தலைமை ஆசிரியரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி அரசுத் தேர்வுத் துறைக்கு அனுப்பினேன், அதற்கு இடைத்தரகர் எதற்கு?

இன்னொன்று. வெளிநாட்டில் மதிப்பீடு செய்கிறவர்களுக்கு மொத்த மதிப்பெண் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். நான் பிளஸ் டூ எழுதிய 1994-இல் 1200-க்கு, இப்போது 600-க்கு. பத்தாவதில் எங்களுக்கு 500, மெட்ரிகுலேஷனில் படித்தவர்களுக்கு 1100. 2011-இல் சமச்சீர்க் கல்வி எல்லா வகுப்புகளுக்கும் வந்த பிறகுதான் இந்த வேறுபாடு போனது. எல்லாம் கிடைத்த பிறகு மாநில அரசின் சரிபார்ப்பும், வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாவதற்கு வெளியுறவுத் துறை போடும் அப்போஸ்டில் முத்திரையும் பாக்கி இருக்கும். அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

இவ்வளவும் தகவல். எனக்கு உண்மையில் எழுத வேண்டியிருப்பது வேறு.

நான் பத்தாவது வரை படித்தது தஞ்சாவூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளி. பிளஸ் ஒன் படிக்க டவுனுக்கு பஸ்ஸில் போக வேண்டும். இப்போது அது மேல்நிலைப் பள்ளி ஆகிவிட்டது, ஹைடெக் லேப் இருக்கிறது, சுற்றுச்சுவர் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்த இளநிலை உதவியாளர் என் மகன் வயதுப் பையன். "உக்காருங்கம்மா, எந்த வருஷம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். 1992 என்றேன். இரும்பு பீரோவைத் திறந்து, சிவப்புத் துணி பைண்டிங் போட்ட சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, தூசி தட்டி மேஜையில் வைத்தார். ஓரம் செல்லரித்திருந்தது, எழுத்து மட்டும் நேற்று எழுதியது போல நீல மையில் தெளிவாக இருந்தது. என் வரியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லி என் பக்கம் திருப்பினார்.

அந்தப் பக்கத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பிறந்த தேதிக் கட்டத்தில் பாதிப் பேருக்கு மே, ஜூன். பள்ளியில் சேர்க்கிற அன்று வாத்தியார் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறந்த நாட்கள்தானே. அதற்கு அடுத்தடுத்து, சேர்ந்த வகுப்பு, நீங்கிய வகுப்பு, நீங்கிய தேதி, காரணம். ஆறாவதில் என்னோடு சேர்ந்த பெண்களின் பெயர்களுக்கு நேராக விரலை ஓட்டிக்கொண்டே வந்தேன். எட்டாவது. ஏழாவது. எட்டாவது. ஒன்பதாவது, பாதியில். காரணம் என்ற இடத்தில் "நீண்ட நாள் வரவில்லை" என்றும், "படிப்பைத் தொடர விருப்பமில்லை" என்றும் ஒரே கையெழுத்தில் வரிசையாக.

விருப்பமில்லை என்று யார் சொன்னது? அந்தப் பெண்களா? எனக்கு முன் பெஞ்சில் இருந்தவள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அல்ஜீப்ராவை சார் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். அவளுக்கும் அதே வாசகம்தான். பத்தாவது வகுப்பறையில் எத்தனை பெண்கள் குறைந்திருந்தோம் என்பது அப்போது எங்களுக்குப் பெரிய விஷயமாகவே படவில்லை. இடம் காலியானதும் பெஞ்சில் தாராளமாக உட்கார்ந்தோம். இத்தனை வருஷமாக ஹைஸ்கூல் நினைவு என்றால் எனக்கு ரிசல்ட் அன்று மாலைப் பேப்பரில் நம்பர் தேடியதும், ஆண்டு விழா நாடகமும், கேலி கிண்டலும்தான். வாட்ஸாப் குழுவில் நாங்கள் பேசிப் பேசிச் சிரிப்பதும் அதைத்தான். அந்தக் குழுவில் இருக்கிற எல்லோரும் பத்தாவது முடித்தவர்கள். நின்றுபோனவர்கள் ஒருத்தர்கூட அதில் இல்லை. "எங்கள் செட்" என்று நாங்கள் சொல்வது செட்டில் பாதியைத்தான்.

கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது சத்துணவுக் கூடத்துப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்து கதவருகே நின்று பார்த்தார். "ஏய், நீ போஸ்ட் மாஸ்டர் வீட்டுப் பொண்ணுதானே?" குரலில்தான் அடையாளம் தெரிந்தது. எட்டாவதோடு நின்றவள். இங்கே சமையலராக இருக்கிறாளாம். கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள், ஊர், உடம்பு எல்லாம் விசாரித்தாள். நான் ரிஜிஸ்டர் பார்த்த கதையைச் சொன்னதும் கேட்டாள்: "அதுல என் பேரு இருந்துச்சா டீ?"

இருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தவள், அப்பா பெயரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "விருப்பமில்லைன்னா போட்டிருக்காங்க? தம்பி பொறந்துச்சு, அம்மா வயலுக்குப் போவணும், புள்ளய யாரு பாக்குறது? நான் அழுதேன் தெரியுமா" என்றாள். அந்த இளைஞர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, ஓய்வுக்குப் பிறந்த தேதிச் சான்று வேணும்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்களே, இதுலேர்ந்தே எடுத்துத் தரேன்" என்று தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். அரசு அலுவலகச் சேவையைப் பற்றி எத்தனையோ குறை கேட்டிருக்கிறோம். அந்த மேஜையில் நான் பார்த்தது மரியாதை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பதிவேட்டைக் கறையானிடமிருந்து காப்பாற்றி வைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு.

இன்றைய நிலவரத்தைத் தலைமை ஆசிரியையிடம் கேட்டேன். 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தபோது, பெண்ணை இவ்வளவு படிக்க வைத்தால் பணம் கிடைக்கும் என்றுதான் எங்கள் ஊரில் பேசுவார்கள். படிப்பே கல்யாணத்துக்கு ஒரு படி என்கிற மாதிரி. 2022-இல் அதையே புதுமைப்பெண் திட்டமாக மாற்றி, ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய், அவள் கணக்கிலேயே. இது சாதாரண மாற்றம் இல்லை, பணம் போகும் இடமே மாறிவிட்டது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பிளஸ் ஒன் சேர்ந்தால் சைக்கிள். அதற்கெல்லாம் மேல், பள்ளியே மேல்நிலை ஆனதால் பதினாறு வயதுப் பெண் இருட்டில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டியதில்லை. எங்கள் காலத்தில் பத்தாவது பாஸ் ஆன பெண்களைக்கூட வீட்டில் உட்கார வைத்தது அந்த ஆறரை மணி பஸ்தான்.

"அப்போ இப்ப யாரும் நிக்கிறதில்லையா டீச்சர்?" என்றேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. இந்த வருஷம் ஒன்பதாவதுல ரெண்டு பொண்ணுங்க வரல. வீட்டுக்குப் போய்ப் பேசணும். உங்களுக்கு நேரம் இருந்தா கூட வாங்க, இதே பள்ளியில படிச்சவங்க சொன்னா கேப்பாங்க" என்றார். போனேன். என் சத்துணவுத் தோழியும் வேலை முடிந்து கூடவே வந்தாள். ஒரு வீட்டில் அம்மாவிடம் நான் என்னென்னவோ விளக்கிக்கொண்டிருந்தேன், அவள் குறுக்கிட்டு, "நான் எட்டாவதுல நின்னவ, என்னைப் பாரு" என்று தொடங்கி அரை மணி நேரம் பேசினாள். அந்த அம்மா அவள் சொன்னதைத்தான் கேட்டார்.

மதிப்பெண் பட்டியல் நகல்கள் வந்து சேர்ந்துவிட்டன, அப்போஸ்டிலுக்கு அண்ணன் கொடுத்திருக்கிறார். டீச்சர் போன வாரம் வாட்ஸாப்பில் செய்தி அனுப்பியிருந்தார். அந்தப் பெண் பள்ளிக்கு வந்துகொண்டிருக்கிறாள். இன்னொரு பெண்ணைக் குடும்பத்தோடு திருப்பூருக்கு அழைத்துப் போய்விட்டார்களாம், அங்கே பள்ளியில் சேர்த்தார்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். திருப்பூரில் எனக்குத் தெரிந்த இரண்டு பேரிடம் நானும் சொல்லி வைத்திருக்கிறேன்.