மீன்தொட்டிப் பராமரிப்புக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பெட்டா மீனையும் தொட்டியையும் விற்றுவிட்டு, மாதம் இருமுறை வீட்டுக்கே வந்து தொட்டியைச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்லி, ஆறு மாதத்துக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் கடைகள் சிங்கப்பூரில் உண்டு. அப்படியொரு கடையிடம் 360 வெள்ளி கொடுத்து, பத்தே வாரத்தில் மீனையும் பறிகொடுத்தவன் நான். பணத்தைத் திரும்பப் பெறும் முயற்சி இன்னும் முடியாததால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை அறிந்துகொள்வதைவிட, அவர்கள் வேலை செய்த முறையை அறிந்துகொள்வதே உங்களுக்குப் பயன்படும் என்றும் நினைக்கிறேன்.

தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள், ஜூன் விடுமுறையில் நாய் வேண்டும் என்று கேட்டாள். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு நாய் மீனாக மாறியது. தாய்லாந்திலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்ன, வாலை விரித்தால் அரைவட்டமாக நிற்கும் ஒரு நீலப் பெட்டாவை 25 வெள்ளிக்கு வாங்கினோம். 15 லிட்டர் கண்ணாடித் தொட்டி, அதன் விளிம்பில் தொங்கும் சிறு வடிகட்டி, சரளைக்கல், மூடி எல்லாம் சேர்த்து 95 வெள்ளி ஆயின. பூச்சாடி அளவுக் குவளையில் பெட்டாவை அடைத்து விற்கும் ஊரில் 15 லிட்டர் தொட்டியைப் பரிந்துரைத்தது நியாயமான செயல்தான். அந்த ஒன்றில் கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நியாயத்தை நம்பித்தான் அடுத்ததற்கும் தலையாட்டினேன். பன்னிரண்டு முறை வீட்டுக்கு வருவார்கள், ஒவ்வொரு முறையும் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பார்கள், தேவையான அளவு மட்டும் நீரை மாற்றுவார்கள், மருந்துச் செலவும் இதில் அடக்கம் என்றெல்லாம் வாயால் சொன்னார். வாட்ஸ்அப்பில் வந்த செய்தியிலோ தொகையும் வருகைகளின் எண்ணிக்கையும் மட்டுமே இருந்தன. நான் அதைக் கவனிக்காமல் பேநவ் வழியாகப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

முதல் வருகையின்போது நான் வீட்டில் இருந்தேன். வந்த இளைஞர் மீனை ஒரு பிளாஸ்டிக் குவளைக்கு மாற்றினார். தொட்டி நீர் முழுவதையும் சமையலறைத் தொட்டியில் கொட்டினார். சரளைக்கல்லைக் குழாயடியில் அரிசி களைவதுபோல் நாலைந்து முறை களைந்தார். வடிகட்டிக்குள் இருந்த பஞ்சு அட்டையைக் குப்பையில் எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தி, அதற்குத் தனியாக ஒன்பது வெள்ளி கேட்டார். பிறகு குழாய் நீரை நிரப்பி, பெயர்ச்சீட்டு இல்லாத ஒரு குப்பியிலிருந்து சில சொட்டுகளும், "நல்ல பாக்டீரியா" என்று எழுதிய இன்னொரு குப்பியிலிருந்து ஒரு மூடியளவும் ஊற்றினார். இருபத்தைந்து நிமிடங்களில் வேலை முடிந்தது. தண்ணீர் சோதனை எதுவும் நடக்கவில்லை. ஆனால் தொட்டியில் நீர் இருப்பதே தெரியாத அளவுக்கு அது பளிங்குபோல் இருந்ததால், கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை மீன் தொட்டியின் அடியில் படுத்துக்கிடந்தது. துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, அவ்வப்போது மேலே விரைந்து வந்து காற்றை விழுங்கிவிட்டு மறுபடியும் கீழே போய்ப் படுத்தது. இரண்டு மூன்று நாள்களில் சற்றுத் தெளிந்தது. இரண்டாம் வருகைக்குப் பிறகும் இதே கதை. "புதுத் தண்ணீருக்குப் பழக வேண்டும்" என்று கடையிலிருந்து பதில் வந்தது. மூன்றாம் வருகைக்குப் பிறகு வால் விளிம்பு கறுத்து, பழைய துணிபோல் கிழியத் தொடங்கியது. துடுப்பு அழுகல் நோய் என்று சொல்லி ஒரு மஞ்சள் தூளை 22 வெள்ளிக்கு விற்றார்கள். மருந்துச் செலவும் அடக்கம் என்று சொன்னீர்களே என்று கேட்டதற்கு, அது சாதாரண மருந்துகளுக்கு மட்டும் என்றார்கள்.

நோய் எங்கிருந்து வருகிறது என்று முதலில் சந்தேகித்தவர் என் அம்மா. "எங்க ஊர்க் கிணத்துல கெண்டை விட்டு வச்சிருந்தோம். கிணத்தை எப்பவாவது தூர் வாருவாங்க. மீனையும் கல்லையும் பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் கழுவி யாரும் பார்த்ததில்லையேப்பா" என்றார். எழுபத்து நான்கு வயதில் அவர் சொன்னதை நான் சிரித்துக்கொண்டே கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்காம் வருகை முடிந்த மூன்றாம் நாள், வேறொரு கடையில் சொட்டுமருந்து வகைச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து நானே சோதித்தேன். அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தது. அது சுழியமாக இருந்திருக்க வேண்டும். நைட்ரைட் சுழியம், நைட்ரேட்டும் சுழியம். எல்லாம் புரிந்தது அந்தக் கடைசிச் சுழியத்தில்தான். மீனின் கழிவிலிருந்தும் அதன் செவுள்களிலிருந்தும் வெளிவரும் அம்மோனியாவை ஒருவகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். எங்கள் தொட்டிக்கோ எட்டு வாரங்கள் ஆகியிருந்தன. எட்டு வாரங்களுக்குப் பிறகும் துளி நைட்ரேட்டுகூட இல்லை என்றால், அந்தப் பாக்டீரியா அங்கே நிலைத்துக் குடியேறவில்லை என்றே பொருள்.

அவை தங்கியிருக்கும் இடம் நீர் அன்று. வடிகட்டியின் பஞ்சிலும் சரளைக்கல்லின் மேற்பரப்பிலும்தான் அவை ஒட்டி வாழ்கின்றன. பஞ்சில் படிந்திருக்கும் பழுப்பு நிறக் குழைவைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம். உண்மையில் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருப்பது அதில் வாழும் பாக்டீரியாதான். அந்த இளைஞர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதைக் குப்பையில் எறிந்துவிட்டு, கல்லையும் கழுவிவிட்டு, தொட்டியை முதல் நாள் நிலைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். குப்பியில் விற்கப்படும் பாக்டீரியா எல்லாமே மோசடி என்று சொல்ல மாட்டேன்; சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் ஒரு கையால் விதைத்துவிட்டு மறு கையால் உழுது புரட்டினால் எந்த விதை முளைக்கும்?

குழாய் நீர் விஷயம் இதைவிட மோசம். சிங்கப்பூரின் குழாய் நீரில் கிருமிநீக்கத்துக்காகப் பொதுப் பயனீட்டுக் கழகம் குளோராமினைப் பயன்படுத்துகிறது. நாம் குடிப்பதற்கு அது பாதுகாப்பானது. மீனின் செவுளுக்கோ நஞ்சு. வாளியில் ஓரிரவு பிடித்துவைத்தால் குளோரின் பறந்துவிடும் என்று நம் பெற்றோர் காலத்திலிருந்து சொல்லப்படும் அறிவுரை குளோராமினுக்குப் பொருந்தாது. அது அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. (நாள்கணக்கில் வாளியைத் திறந்துவைத்தால் ஏடிஸ் கொசுதான் முட்டையிடும், பிறகு தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.) குளோராமின் என்பது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள். மலிவான நீர்ப் பதப்படுத்தி மருந்துகளில் இருக்கும் சோடியம் தயோசல்ஃபேட் அதிலுள்ள குளோரினை மட்டும் ஒழித்துவிட்டு, அம்மோனியாவை நீரிலேயே விட்டுவிடுகிறது. அம்மோனியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் பதப்படுத்தி தேவை. அது குப்பியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். பெயர்ச்சீட்டே இல்லாத குப்பியில் என்ன இருந்தது என்று நான் பலமுறை கேட்டும் பதில் வரவில்லை.

எங்கள் குழாய் நீரைச் சோதித்தபோது பி.எச். அளவு 8 வந்தது; அதாவது சற்றே காரத்தன்மை உடையது. நீரில் உள்ள அம்மோனியா முழுவதும் ஒரே அளவு நச்சுடையதன்று. காரத்தன்மையும் வெப்பமும் கூடக் கூட அதன் கொடிய வடிவத்தின் பங்கும் கூடுகிறது. 30 பாகை செல்சியஸில், பி.எச். 7 ஆக இருந்தால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது, பி.எச். 8 ஆக இருந்தால் நூற்றில் ஏழுக்கு மேல் போய்விடும். நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளின் பிற்பகல் வெப்பத்தில், முழுக்க முழுக்கப் புதுக் குழாய் நீரில் ஒரு மீனை மீண்டும் மீண்டும் விடுவது என்ன செய்யும் என்பதை இதைக் கொண்டே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்களை எல்லாம் கடைக்காரருக்கு எழுதி அனுப்பினேன். பெட்டா நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும் மீன், நெல்வயல் சேற்றிலேயே வாழ்வது, அதற்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்று பதில் வந்தது. காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி உறுப்பு இருப்பது உண்மை; ஆக்சிஜன் குறைந்த நீரிலும் அது பிழைத்திருப்பது அதனால்தான். ஆனால் செவுளையும் தோலையும் அரிக்கும் அம்மோனியாவிலிருந்து அந்த உறுப்பு அதைக் காப்பாற்றாது. நெல்வயலும் பாக்டீரியாவும் செடிகொடிகளும் நிறைந்த இடம்; அதை யாரும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை குழாயடியில் கழுவுவதில்லை. அடுத்த முறை கால்பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள், வடிகட்டியைத் தொடாதீர்கள் என்று எழுதினேன். "சரி" என்று ஒற்றைச் சொல்லில் பதில் அனுப்பினார்கள்.

ஐந்தாம் வருகையின்போது நான் வேலையில் இருந்தேன், மகள் பள்ளியில். புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிறார். அவருக்கு எந்தத் தகவலும் சொல்லப்படவில்லை. அம்மா தமிழிலும் தமக்குத் தெரிந்த பாசார் மலாயிலும் தடுத்துப் பார்த்திருக்கிறார். வந்தவரோ புன்னகைத்துக்கொண்டே எல்லா நீரையும் கொட்டி, பஞ்சையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டாம் நாள் காலை மீன் இறந்து மிதந்தது. பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்தான் முதலில் பார்த்தாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத விரும்பவில்லை.

பெட்டாவின் ஆயுளே குறைவு, கடைக்கு வரும்போதே அதற்குச் சில மாத வயது ஆகியிருக்கும் என்று கடைக்காரர் விளக்கினார். வயது பற்றி அவர் சொன்னது சரிதான். ஆனால் ஒழுங்காக வளர்த்தால் இரண்டு, மூன்று ஆண்டுகள் வாழக்கூடிய மீன் அது. அடுத்த மீனை அரை விலைக்குத் தருவதாகவும், மீதமுள்ள ஏழு வருகைகளை அதற்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் சொன்னார். 210 வெள்ளியைத் திருப்பித் தாருங்கள் என்றேன். முன்பணம் திருப்பித் தரப்படாது என்பது கடையின் விதி என்றார். அந்த விதி எனக்கு அனுப்பிய செய்தியில் எங்கும் இல்லை.

இப்படிப்பட்ட வழக்குக்கு வழக்கறிஞர் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். 20,000 வெள்ளி வரையிலான சேவை ஒப்பந்தத் தகராறுகளைச் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் விசாரிக்கிறது. வழக்கறிஞர்கள் அங்கே வாதாட முடியாது. இரண்டு ஆண்டுகளுக்குள் இணையம் வழியாகவே மனு செய்யலாம். என்னுடையதைப் போன்ற சிறிய தொகைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. வாட்ஸ்அப் செய்திகள், பணம் அனுப்பிய பதிவு, சோதனைக் குழாய்களின் நிறத்தை வண்ண அட்டையோடு வைத்து எடுத்த தேதியிட்ட படங்கள் ஆகியவற்றைத் திரட்டி வைத்திருக்கிறேன். மன்றத்துக்குப் போகப்போவதாக எழுதிய மறுநாளே 120 வெள்ளி வந்து சேர்ந்தது. மீதி 90 வெள்ளிக்காக மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். தொகை பெரிதில்லை, ஆனால் அம்மா சொன்னதைக் காதில் வாங்காமல் நீரைக் கொட்டிய அந்தக் காலைப்பொழுதுக்கு யாராவது பதில் சொல்லட்டும் என்று நினைக்கிறேன்.

யாரேனும் உங்களிடம் பராமரிப்புத் தொகுப்பை விற்க வந்தால், வடிகட்டிப் பஞ்சை எதில் கழுவுவீர்கள் என்று மட்டும் கேளுங்கள். தொட்டியிலிருந்து எடுத்த நீரை ஒரு வாளியில் வைத்து, அதில் மெதுவாகப் பிழிந்தெடுப்போம் என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். குழாயடியில் கழுவுவோம், அல்லது மாதாமாதம் மாற்றிவிடுவோம் என்று சொன்னால் எழுந்துவிடுங்கள். முழு நீரையும் மாற்றுவதைப் பெருமையாகச் சொல்பவரிடமும், உங்கள் கண்முன் நீரைச் சோதிக்க மறுப்பவரிடமும் பணம் கொடுக்காதீர்கள். எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் வருகைக்கு வருகை பணம் கொடுங்கள். என்னென்ன அடக்கம் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

மீன் இறந்த பிறகு தொட்டியைக் காலியாக விட்டுவிட்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். நீர் இருந்தது, மீன்தான் இல்லை. அந்த விளிம்பு வடிகட்டியைக் கழற்றிவிட்டு, காற்றுக்குழாயில் இயங்கும் சாதாரணப் பஞ்சு வடிகட்டியைப் போட்டோம். தினமும் சிட்டிகைத் தீவனத்தைப் போட்டு அம்மோனியாவை உண்டாக்கி, அது நைட்ரைட்டாகி நைட்ரேட்டாகும்வரை ஆறு வாரங்கள் காத்திருந்தோம். மகள் ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டில் எண்களைக் குறித்துவந்தாள். ஐந்தாம் வாரத்தில் முதல்முறை நைட்ரேட் தென்பட்டபோது அவள் பாட்டியை அழைத்து வந்து அந்தச் சிவந்த நீரைக் காட்டினாள். இப்போது ஒரு சிவப்புப் பெட்டா இருக்கிறது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுகிறோம். நாளுக்கு நான்கைந்து சிறு மணிகளுக்கு மேல் தீவனம் கிடையாது. காய்ந்த நாட்டு வாதுமை இலையொன்று ஊறிக் கிடப்பதால் நீர் வெளிர் தேநீர் நிறத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வரும் உறவினர்கள் தொட்டியைக் கழுவக்கூடாதா என்று கேட்கிறார்கள்.